ஸோவா மூடிக்கொண்டால் முதலில் முட்டையைத் தேடுங்கள்

கேள்வி: மூன்றடி நீளத்தில் ஒரு ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்திருக்கிறேன். சம்ப்போடு (கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) சேர்த்து 200 லிட்டர் வரும். ஹார்ட் கோரல் (கடினப் பவளம்) எதுவும் இல்லை. மெத்தென்ற பவள வகைகளான ஸோவா, மஷ்ரூம், கிரீன் ஸ்டார் பாலிப் மட்டும்தான். இரண்டு கிளவுன் மீன், ஒரு ஃபயர் ஷ்ரிம்ப். மூன்று வாரத்துக்கு முன் ஒரு புது ஸோவா ஃபிராக் (வெட்டி விற்கும் துண்டு) வாங்கி வந்து நேரே உள்ளே வைத்தேன். இப்போது அதுவும் அதன் பக்கத்தில் இருந்த இரண்டு காலனிகளும் திறப்பதே இல்லை. பத்துப் பன்னிரண்டு பாலிப் (பூப்போல விரியும் தனித்தனி உயிர்) காணாமலே போய்விட்டன. காலனியின் அடியில் வெள்ளையாக ஒரு சுருள் தெரிகிறது. பின்பக்கக் கண்ணாடியிலும் குட்டிக் குட்டியாக வெள்ளைச் சுருள்கள். பாறை இடுக்குகளில் பழுப்பு நிறத்தில் சின்ன அனிமோன்கள் முளைத்திருக்கின்றன. கல்லை வெளியே எடுத்துக் கொதிநீரில் போடு என்கிறார் நண்பர். செடிப் பூச்சிக்கு அடிக்கும் இமிடாகுளோபிரிட் மருந்தை இரண்டு சொட்டுத் தொட்டியிலேயே விடு என்கிறார் இன்னொருவர். எதைச் செய்யலாம்?
— வாசகர், சென்னை

பதில்:

இரண்டையுமே செய்யாதீர்கள். முதலாவது உங்கள் உயிருக்கே ஆபத்து. இரண்டாவது தொட்டிக்கு ஆபத்து, பூச்சிக்கோ முழுத் தீர்வும் இல்லை. ஆகவே கொதிநீரைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன்.

ஸோவா இனங்களில் சிலவற்றில், முக்கியமாகப் பழுப்பு நிறத் தடித்த பாலிப்கள் உள்ள பாலிதோவா வகையில், பாலிடாக்சின் என்ற நச்சு இருக்கிறது. கடல் உயிர்களிடம் கிடைக்கும் நச்சுகளில் மிகக் கொடியவற்றில் இதுவும் ஒன்று. எந்தக் காலனியில் அது இருக்கிறது, எதில் இல்லை என்று பார்த்துச் சொல்ல முடியாது. கல்லைக் கொதிநீரில் போட்டால் நச்சு அழிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். நடப்பது வேறு: அது ஆவியோடும் நுண்துளிகளோடும் சேர்ந்து அறை முழுக்கப் பரவி மூச்சில் போகிறது. 2018-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் ஒருவர் தன் வீட்டுத் தொட்டியின் பவளக் கல்லை வெளியே எடுத்துத் தேய்த்துச் சுத்தம் செய்ததில், வீட்டிலிருந்த மற்றவர்களும் சேர்ந்து மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. அங்கே கொதிநீர்கூட இல்லை, வெறும் தேய்ப்புதான்.

அதனால் ஸோவா உள்ள கல்லை வேக வைக்காதீர்கள், மைக்ரோவேவில் வைக்காதீர்கள், வெளியே எடுத்து உலர்ந்த நிலையில் பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். கீழே சொல்லப்போகும் எந்த வேலைக்கும் நைட்ரைல் கையுறையும், பக்கவாட்டிலும் மூடும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். பாலிப்பை நசுக்கினால் நீர் பீய்ச்சி நேரே கண்ணுக்கு வரும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு வேலையைத் தள்ளிப்போடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஏசி வேண்டாம், குழந்தைகளும் நாய் பூனையும் அந்த அறையில் வேண்டாம். வேலை முடிந்தபின் வாயில் உலோகக் கசப்பு, இருமல், மூச்சுத் திணறல், காய்ச்சல், தசைவலி, மரமரப்பு, கண் எரிச்சல் இவற்றில் ஏதாவது வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய், “கடல் தொட்டி ஸோவாவிலிருந்து பாலிடாக்சின்” என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இதற்கு மாற்று மருந்து கிடையாது, அறிகுறிகளுக்குத்தான் சிகிச்சை. சொல்லாவிட்டால் அவர்களுக்கு இது தோன்றவே தோன்றாது.

இனி உங்கள் சுருள்கள். இரண்டு இடத்தில் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். என் கணிப்பில் அவை இரண்டும் வெவ்வேறு பொருள்கள். ஒரு விரல்நகத்தாலோ பிளாஸ்டிக் கார்டின் முனையாலோ தொட்டுப் பாருங்கள். கண்ணாடியில் இருப்பது ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில், சுரண்டினால் கடக்கென்று உடையும் சுண்ணாம்பு ஓடாக இருந்தால் அது ஸ்பைரார்பிட் புழுவின் கூடு. நீரை வடிகட்டித் தின்னும் அப்பாவி. சம்ப்பிலும் பைப்பிலும்கூட நூற்றுக்கணக்கில் இருக்கும், அதை விட்டுவிடலாம். காலனியின் அடியில் இருப்பது மெத்தென்று, ஜெல்லி நாடாவைச் சுருட்டி ஒட்டியதுபோல் இருந்து, உருப்பெருக்கியில் பார்த்தால் உள்ளே மணி மணியாகப் புள்ளிகள் தெரிந்தால், அது ஸோவா தின்னும் நுடிபிராங்கின் முட்டை. பாலிப் காணாமல் போவது, புது ஃபிராக்கில் ஆரம்பித்துப் பக்கத்துக் காலனிக்கு நகர்வது, அடியில் சுருள் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் தொட்டியில் இருப்பது அநேகமாக இதுதான்.

நுடிபிராங்க் என்பது ஓடில்லாத கடல் நத்தை. இந்த வகை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குள் இருக்கும், சில சமயம் அதற்கு மேலும் வளரும். முதுகு முழுக்க விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் இழைகள். தின்ற ஸோவாவின் நிறம் அந்த இழைகளில் ஏறிவிடுவதால், பச்சை ஸோவாவைத் தின்றது பச்சையாகவும் ஆரஞ்சைத் தின்றது ஆரஞ்சாகவும் தெரியும். மூடிய பாலிப்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தால் அதுவும் ஒரு பாலிப் என்றுதான் கண் எடுத்துக்கொள்ளும். பகலில் தண்டுகளின் அடியில் ஒளிந்திருக்கும். விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து, டார்ச்சின் மேல் சிவப்பு செல்லோஃபேன் தாளைச் சுற்றிக்கொண்டு தேடுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 60 மி.லி. சிரிஞ்சில் ஊசியைக் கழற்றிவிட்டு, தொட்டி நீரையே உறிஞ்சி, காலனியின் ஓரத்தில் மெதுவாகப் பீய்ச்சினால் ஒளிந்திருப்பது அசைந்து காட்டிக்கொடுக்கும்.

தேடும்போது வேறு இரண்டு ஆட்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சன்டயல் நத்தை: தட்டையாக, கறுப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாக, பொத்தான் அளவில் இருக்கும். பார்க்க அழகாக இருக்கிறதென்று சிலர் விட்டுவைக்கிறார்கள். ஸோவாவைத்தான் தின்னும். டிப் கரைசலில் (பவளத்தைச் சில நிமிடம் முக்கியெடுக்கும் மருந்து நீர்) போட்டாலும் மூடியை இழுத்துச் சாத்திக்கொண்டு தப்பிவிடும் என்பதால், கையால் பொறுக்குவதே வழி. இன்னொன்று கடல் சிலந்தி. மெல்லிய நூல்போன்ற எட்டுக் கால், மிக மெதுவான நடை, பாலிப்பின் மேல் அல்லது தண்டுகளுக்கிடையில் இருக்கும். சாமணத்தால் எடுத்து, கீழே சொல்லும் டிப்பையும் கொடுத்தால் போதும். தண்டில் வெள்ளையாகப் பரு மாதிரிக் கொப்புளங்கள் மட்டும் இருந்து பூச்சி எதுவும் கிடைக்காவிட்டால் அது ஸோவா பாக்ஸ் என்ற நோய். பூச்சி டிப் அதற்கு உதவாது.

குற்றமில்லாதவர்களையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பயத்தில் முதலில் கொல்லப்படுவது அவைதான். துள்ளி ஓடும் ஆம்ஃபிபாட், கண்ணாடியில் ஊரும் கோப்பிபாட், பிரிஸ்டில் புழு, ஸ்டோமடெல்லா நத்தை இவையெல்லாம் அழுகியதையும் பாசியையும் தின்பவை. செத்துக்கொண்டிருக்கும் பாலிப்பைச் சுற்றி இவை கூடினால், சாவுக்குக் காரணம் இவை என்று தோன்றும். பெரும்பாலும் செத்ததைச் சாப்பிட வந்தவைதான்.

பூச்சியையோ முட்டையையோ கண்ணால் பார்க்காதவரை சிகிச்சை ஆரம்பிக்கவும் கூடாது. ஸோவா மூடுவதற்கு நீரும் காரணமாகலாம். எளிய அடையாளம் ஒன்று உண்டு: எல்லாக் காலனியும் ஒரே நாளில் மூடினால் நீரைப் பாருங்கள், ஒரு காலனியில் ஆரம்பித்து அடுத்ததற்கு ஊர்ந்தால் பூச்சியைப் பாருங்கள். உங்களுடையது இரண்டாவது வகை என்றாலும், டிப் என்பது பவளத்துக்கும் ஒரு அதிர்ச்சிதான். நீர் கெட்டிருக்கும்போது டிப் கொடுத்தால் இரட்டை அடி. எனவே அன்றைக்கே அளந்துவிடுங்கள்: உப்பு 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது ஒப்படர்த்தி 1.025 – 1.026. வெப்பம் 25 முதல் 27 டிகிரி. ஆல்கலினிட்டி (பி.எச். ஏறி இறங்காமல் நீர் தாங்கும் திறன்) 8 – 9 டி.கே.எச். நைட்ரேட் 5 – 15 பி.பி.எம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தில் இருந்தால் ஸோவாவுக்குப் பிடிக்காது. பாலிப் சுருங்கித் தண்டு மெலியும். சென்னையில் நீரைக் குளிர்விக்கும் சில்லருக்குப் பதில் ஃபேன் வைத்திருப்பவர்கள் ஒரு கணக்கையும் பார்க்க வேண்டும். 200 லிட்டரில் ஒரு நாளைக்கு 4 லிட்டர் ஆவியானால் 35 என்பது 35.7 ஆகும். மூன்று நாள் நன்னீர் ஊற்ற மறந்தால் 37-ஐத் தாண்டிவிடும். அப்போது பூச்சியே இல்லாமல் ஸோவா மூடிக்கொள்ளும்.

இப்போது இமிடாகுளோபிரிட். நம் ஊர் உரக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் 17.8 சதவீத எஸ்.எல்., அதாவது நீரில் கரையும் திரவம். அது செடிப் பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்து. இறால், நண்டு, கோப்பிபாட், ஆம்ஃபிபாட் எல்லாம் அந்தப் பூச்சிக்கு உறவு. தொட்டியில் விட்டால் உங்கள் ஃபயர் ஷ்ரிம்ப்தான் முதல் பலி. நுடிபிராங்க் அந்தக் குடும்பமே இல்லை, அது நத்தை. ஜெல்லிக்குள் இருக்கும் முட்டையை மருந்து தொடுவதும் இல்லை. மருந்தில் சேர்த்திருக்கும் கரைப்பான்கள் கல்லிலும் மணலிலும் தங்கும் கவலை வேறு. தொட்டிக்குள் ஊற்றி ஸோவா நுடிபிராங்கை ஒழிக்கும் நம்பகமான மருந்து எதுவும் இல்லை. வேலை முழுவதும் வெளியே, ஒரு கிண்ணத்தில்தான்.

செய்ய வேண்டியது இது. 30 முதல் 40 லிட்டரில் ஒரு தனித் தொட்டி. மணல் வேண்டாம், கல் வேண்டாம், அடிக்கண்ணாடி வெறுமையாக இருக்கட்டும், விழுந்த பூச்சியும் முட்டையும் கண்ணில் படும். ஒரு சின்ன பவர்ஹெட் (நீரோட்டம் தரும் பம்ப்), ஒரு சுமாரான விளக்கு, பெரிய தொட்டியின் சம்ப்பில் ஏற்கனவே ஊறிய ஒரு பிடி செராமிக் மீடியா (நல்ல பாக்டீரியா தங்கும் துளைக்கற்கள்). நீரும் பெரிய தொட்டியிலிருந்தே எடுத்ததாக இருக்கட்டும். பாதிக்கப்பட்ட மூன்று காலனிகள் மட்டுமல்ல, எல்லா ஸோவாவையும் இதற்கு மாற்றுங்கள். இதில் கஞ்சத்தனம் கூடாது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். மஷ்ரூமும் ஸ்டார் பாலிப்பும் அங்கேயே இருக்கலாம். இந்த நுடிபிராங்க் அவற்றைத் தின்னாது.

ஃபிராக் பிளக்கில் (துண்டை ஒட்டி விற்கும் சின்ன அடிக்கட்டை) ஒட்டியிருக்கும் ஸோவாவை, தொட்டி நீர் நிரப்பிய கிண்ணத்துக்குள்ளேயே வைத்து, பிளக்கிலிருந்து கத்தி முனையால் மெதுவாக நெம்பி எடுத்துவிடுங்கள். பழைய பிளக், பின்னால் சொல்லும் பிளீச்சில் ஊறியபின், குப்பைக்கு. முட்டையில் பாதி பிளக்கின் அடியிலும், காய்ந்த பசையின் ஓரத்திலும்தான் இருக்கும். பவளத்துக்கு டிப் கொடுத்துப் பழைய பிளக்கோடே திரும்ப வைப்பவர்களுக்குத்தான் இரண்டு வாரத்தில் மறுபடி எல்லாம் ஆரம்பிக்கிறது.

மூன்று கிண்ணம் வையுங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு லிட்டர் தொட்டி நீர். முதலாவதில் டிப் மருந்து. கோரல் ஆர்எக்ஸ், டிப்எக்ஸ், ரிவைவ் இவற்றில் எது கிடைத்தாலும் சரி. அளவும் நேரமும் ஒவ்வொன்றுக்கும் மாறும் என்பதால் பாட்டிலில் போட்டிருப்பதையே பின்பற்றுங்கள், கூட்டாதீர்கள். லூகோல்ஸ் போன்ற அயோடின் டிப் காயத்துக்கும் கிருமிக்கும் நல்லது, நுடிபிராங்கைப் பிடித்து உதிர்க்க அது போதாது. விலை உயர்ந்த காலனியை முதலில் இறக்காமல், ஒரு சாதாரண ஃபிராக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள். டிப்பில் இருக்கும்போது சிரிஞ்சால் தொடர்ந்து காலனிக்குள் பீய்ச்ச வேண்டும். சும்மா ஊற வைத்தால் மூடிய பாலிப்களுக்கிடையே கரைசல் போகாது, பூச்சியும் பிடியை விடாது. சில நிமிடங்களில் கிண்ணத்தின் அடியில் சுருண்டு விழுவதைப் பார்ப்பீர்கள். வெள்ளைக் கிண்ணமாக இருந்தால் எண்ணுவது எளிது. எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள், அடுத்த முறை ஒப்பிட உதவும். பிறகு இரண்டாவது, மூன்றாவது கிண்ணத்தில் அலசல்.

டிப் மருந்து கைக்கு வரும்வரை பொறுக்க முடியாவிட்டால் நன்னீர் டிப் ஒரு வழி. ஸோவா அதைத் தாங்கும். ஆர்.ஓ. தண்ணீரை எடுத்துத் தொட்டியின் வெப்பத்துக்குக் கொண்டுவந்து, ஒரு சிட்டிகை சமையல் சோடா கலந்து பி.எச். 8.2 அருகே வந்ததும், ஒரு நிமிடம், அதிகபட்சம் இரண்டு நிமிடம். குழாய்த் தண்ணீர் வேண்டாம், குளோரின் இருக்கும். மஷ்ரூம், ஸீனியா, அனிமோன் எதையும் இதில் இறக்கிவிடாதீர்கள்.

அலசியபின்தான் முக்கியமான வேலை. உருப்பெருக்கியோ போனின் மேக்ரோ கேமராவோ வைத்துக்கொண்டு ஒவ்வொரு தண்டாக, அடிவரை பாருங்கள். முட்டைச் சுருளைச் சாமணத்தால் உரித்து எடுங்கள். வழுக்கினால் குழந்தைகளுக்கான மென்மையான டூத் பிரஷ், அதுவும் நீருக்குள் மூழ்கிய நிலையிலேயே. எந்த டிப்பும் முட்டையைக் கொல்லாது என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். இந்தப் பூச்சியோடு நடக்கும் போராட்டத்தில் ஜெயிப்பவர்கள் வலுவான மருந்து வைத்திருப்பவர்கள் அல்லர், முட்டையின் நாள்காட்டியைப் பின்பற்றுகிறவர்கள்.

அந்த நாள்காட்டி இப்படி: தப்பிய முட்டை பொரிந்து, குஞ்சு வளர்ந்து, அது மறுபடி முட்டை இடுவதற்குள் அடுத்த டிப் வந்துவிட வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் பொரிப்பு வேகமாகவே நடக்கும். அதனால் ஐந்து நாளுக்கு ஒரு முறை, குறைந்தது ஐந்து முறை. நடுவில் எந்தச் சுற்றிலாவது புது முட்டைச் சுருள் கண்ணில் பட்டால், முட்டையிடும் வயதில் ஒன்று உயிரோடு இருக்கிறது என்று பொருள். எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள். இரண்டாவது சுற்றில் ஒன்றும் விழவில்லையே என்று நிறுத்துவதுதான் பலர் தோற்கும் இடம். அப்போது முட்டைகள் இன்னும் பொரியாமல் காத்துக்கொண்டிருக்கும், அதனால்தான் ஒன்றும் விழவில்லை.

டிப்புக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் ஸோவா மூடியே இருப்பது இயல்பு. தண்டு உறுதியாக இருந்தால் கவலை இல்லை. தண்டு குழைந்து, வெள்ளையாகச் சளி கோத்து, நாற்றம் வந்தால் அந்தப் பகுதியை மட்டும் நீருக்குள் வைத்து வெட்டி நீக்குங்கள். அது பக்கத்துப் பாலிப்புக்கும் பரவும்.

பயன்படுத்திய டிப் நீர், அலசிய நீர், வெட்டிய துண்டு, பழைய பிளக் எதையும் அப்படியே சாக்கடையில் கொட்டாதீர்கள். 5 – 6 சதவீத சோடியம் ஹைபோகுளோரைட் உள்ள வீட்டு பிளீச் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் என்று அன்றைக்கே கலந்து, அதில் துண்டுகளையும் பிளக்குகளையும் கருவிகளையும் அரை மணி நேரம் ஊற வைத்தால் பாலிடாக்சின் செயலிழக்கும். டிப் நீரிலும் அதே விகிதத்தில் பிளீச்சை ஊற்றி அரை மணி நேரம் வைத்திருந்து கொட்டுங்கள். இதை வெளியில், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். வினிகரோ பாத்ரூம் ஆசிடோ அந்த வாளியில் கலந்துவிடக் கூடாது, குளோரின் வாயு வரும்.

பெரிய தொட்டிக்கு வருவோம். எல்லா ஸோவாவையும் வெளியே எடுக்கச் சொன்னதன் காரணம் இங்கே. இந்த நுடிபிராங்குக்கு ஸோவாவைத் தவிர வேறு சாப்பாடு தெரியாது. ஆறு வாரம் ஒரு பாலிப்பும் இல்லாமல் தொட்டி இருந்தால் உள்ளே பொரிந்த குஞ்சுகள் பட்டினியில் போய்விடும். ஆனால் பாறையின் பின்புறம் பழைய காலனியிலிருந்து ஓடிய நான்கு பாலிப் இருந்தாலும் அவற்றுக்கு அதுவே அன்னதானம். சிவப்பு டார்ச்சோடு பின்புறம், அடிப்புறம், சம்ப்புக்கு நீர் வழியும் ஓவர்ஃப்ளோ பெட்டி எல்லாம் தேடுங்கள். ஸோவா படர்ந்த கல் எடுக்கக்கூடிய அளவில் இருந்தால் கல்லோடே தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். எடுக்க முடியாத பாறையாக இருந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவில் சிரிஞ்சால் பீய்ச்சி, மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுப்பதுதான் மிச்சம். அது இரண்டு மாத வேலை என்று எண்ணிக்கொண்டு இறங்குங்கள். சம்ப்பில் 100 கிராம் ஆக்டிவேட்டட் கார்பன் வைத்து மூன்று வாரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். பூச்சியும் பாலிப்பும் சாகும்போது வெளிவருவதை அது பிடித்துக்கொள்ளும்.

மீனை விட்டுப் பூச்சியைத் தின்ன வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மஞ்சள் ராஸ், ஆறுகோட்டு ராஸ் இரண்டும் குஞ்சு நுடிபிராங்குகளைப் பொறுக்கித் தின்னும், உதவிதான். முட்டையை ஒழிக்கும் என்று நம்ப வேண்டாம். உங்கள் மூன்றடித் தொட்டிக்கு மஞ்சள் ராஸ் என்றால் இரண்டு அங்குல மணல் படுக்கையும் இறுக்கமான வலை மூடியும் கட்டாயம். அது இரவில் மணலுக்குள் புதைந்து தூங்கும், பயந்தால் தொட்டியை விட்டுத் தாவும். ஆறுகோட்டு ராஸ் வளர்ந்தபின் பின்னால் வரும் சின்ன மீன்களை விரட்டும். டிப் வேலையைச் செய்துகொண்டே கூடுதலாக ஒரு காவலாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

பழுப்புக் குட்டி அனிமோன்கள் ஐப்டேசியாவாக இருக்க வேண்டும். ஒல்லியான தண்டு, நீண்ட கூர்மையான இழைகள், விரல் நெருங்கினால் சட்டென்று ஓட்டைக்குள் இழுத்துக்கொள்ளும். பக்கத்து ஸோவாவைச் சுடும், மீனுக்குப் போடும் தீனியையும் திருடும். இதைச் சுரண்டாதீர்கள், நசுக்காதீர்கள். பாதத்திலிருந்து ஒரு துணுக்கு பாறையில் ஒட்டிக்கொண்டால் அதுவே இன்னொரு அனிமோனாகும். கொதிநீரை ஊசியால் செலுத்துவது பழைய முறைதான், ஸோவா அருகில் இருக்கும் உங்கள் தொட்டிக்கு வேண்டாம்.

சுண்ணாம்பு முறை போதும். கடல் தொட்டிக்கென்று விற்கும் கால்க்வாசர் தூள், அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு. வெற்றிலைச் சுண்ணாம்பும் அடிப்படையில் அதே பொருள்தான், ஆனால் அதில் நிறமும் வாசனையும் சேர்த்திருக்கலாம் என்பதால் தொட்டியில் பயன்படுத்த வேண்டாம். ஒரு டீஸ்பூன் தூளை ஆர்.ஓ. தண்ணீர் விட்டு தோசை மாவுப் பதத்துக்குக் குழைத்து, முனை மழுங்கிய ஊசி போட்ட சிரிஞ்சில் ஏற்றுங்கள். பம்ப் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஊசியை மெதுவாகக் கொண்டுபோய் அனிமோனின் வாய்த்தட்டின் மேல் சொட்டு சொட்டாக விட்டு மூடுங்கள். அது உணவென்று இழைகளை மடக்கி விழுங்கிவிட்டால் வேலை முடிந்தது. சட்டென்று உள்ளிழுத்துக்கொண்டால் ஓட்டை வாயை அப்படியே அடைத்துவிடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துப் பம்பைப் போடலாம். 200 லிட்டரில் ஒரு நாளைக்கு ஐந்தாறுக்கு மேல் வேண்டாம், அளவு மீறினால் பி.எச். ஏறும். கண்ணாடியும் கையுறையும் இதற்கும் உண்டு, சுண்ணாம்பு கண்ணைப் பொசுக்கும்.

ஐப்டேசியாவைத் தின்ன வைக்கப் பெப்பர்மின்ட் ஷ்ரிம்ப் வாங்கப் போனால் கவனமாக இருங்கள். கேமல் ஷ்ரிம்ப் அதன் பெயரில் கைமாறுவது இந்த வியாபாரத்தில் அடிக்கடி நடக்கிறது, கேமல் ஷ்ரிம்ப் ஸோவாவையே தின்னும். பெப்பர்மின்டின் உடல் கண்ணாடிபோல, சிவப்புக் கோடுகள் நீளவாக்கில் ஓடும். கேமலின் முதுகில் திமில் தெரியும், சிவப்புக்கு நடுவே பளிச்சென்ற வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும், பெரிய கண். சந்தேகம் இருந்தால் வாங்காதீர்கள். பெர்கியா என்ற நுடிபிராங்க் ஐப்டேசியாவை மட்டுமே தின்று தீர்க்கும், அருமையான உயிர். ஆனால் ராஸ் மீன் இருக்கும் தொட்டியில் அதை விட்டால் அன்றிரவே ராஸுக்கு விருந்தாகும். இரண்டில் ஒன்றைத்தான் நீங்கள் தேர்ந்தெடுக்க முடியும். இப்போதைக்கு ராஸ், பிறகு சுண்ணாம்பு என்று போவதே உங்களுக்குப் பொருத்தம்.

அடுத்த ஃபிராக் வாங்கும்போது, வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூரோ வேறெங்கோ, கடைக்காரரிடம் சொல்லி ஃபிராக்கைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். பிளக்கின் அடியில் ஜெல்லிச் சுருள் இருந்தால் எவ்வளவு அழகான நிறமாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். வாங்கியதைப் பிளக்கிலிருந்து பிரித்து, டிப் கொடுத்து, இந்தத் தனித் தொட்டியிலேயே ஆறு வாரம் வைத்து, அதற்குள் வாரம் ஒரு டிப் கொடுத்தபின்தான் உள்ளே விட வேண்டும். இந்த வேலை முடிந்ததும் தனித் தொட்டியைக் கலைக்காதீர்கள்.

ஹார்ட் கோரல் இல்லை என்று எழுதியிருப்பது நல்லது, அப்படியே இருக்கட்டும். கடினப் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி போன்றவை 2001 முதல் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. “ராமேஸ்வரம் சரக்கு, லைவ் ராக், மலிவு” என்று யாராவது சொன்னால் அது பூச்சியோடு வழக்கையும் வீட்டுக்குக் கொண்டுவரும். அந்தக் கல் கடலில் இருக்க வேண்டியது என்பது அதைவிடப் பெரிய காரணம். அதேபோல, வேண்டாத உயிரையோ தொட்டி நீரையோ கடற்கரையில் கொண்டுபோய்க் கொட்டிவிடவும் கூடாது.

இந்த மூன்று வாரத்தில் உங்கள் காலனியிலிருந்து யாருக்காவது ஒரு துண்டு வெட்டிக் கொடுத்திருக்கிறீர்களா? கொடுத்திருந்தால் இன்றே போன் செய்து, கொடுத்த தேதியோடு சொல்லிவிடுங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு, ஐந்தாவது டிப் முடிந்து, அதன் பிறகும் இரண்டு வாரம் ஒரு சுருளும் கண்ணில் படாதவரை கொடுக்காதீர்கள்.